தேவை அறிதலும் செயற்கை நுண்ணறிவும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. குமுளி மலைப்பாதையில் இறங்கி வருவார்க்கு அங்குள்ள நெல்வயல்களும், வாழைத் தோட்டங்களும், திராட்சைப் பந்தல்களும் பச்சைப் பாய் விரித்தாற்போலத் தோன்றும். இவ்வளத்திற்குப் பெருங்காரணமாய் விளங்குவது பெரியாற்று அணை. மேற்கே பாய்ந்து கடலிற் கலந்துவந்த நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய அவ்வரும்பணி 1887ஆம் ஆண்டில் தொடங்கி 1895ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதனை முடித்த பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரைத் தம் மக்கட்கு இட்டு மகிழ்வோர் இப்பள்ளத்தாக்கில் இன்றும் உளர்.

அணையின் பெருமையைப் பேசுவோர் பலர். அணைக்கு முன் நிகழ்ந்த ஆராய்ச்சியை நினைப்போர் சிலரே. 1808ஆம் ஆண்டிலேயே கால்டுவெல் என்னும் படைத்துறைப் பொறியாளர் மலைமேற் சென்று ஆராய்ந்து, அந்நாளைய நிலையில் இது நிறைவேறாது என அறிவித்தார். அதன் பின்னரும் ஆராய்ச்சி ஓயவில்லை. எவ்வளவு நீர் வேண்டும்? எந்நிலத்திற்கு வேண்டும்? அணை எவ்வளவு உயர்தல் வேண்டும்? மலையை எவ்விடத்திற் குடைதல் வேண்டும்? இவ்வினாக்கட்கு விடை காண முயன்று ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அணைக்குரிய வேலை தொடங்கிற்று. கட்டுதற்கு முன் கேட்டல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் முதற்பாடம் ஆகும்.

இக்காலத்தில் கல்லும் சுண்ணாம்பும் இன்றியே கட்டப்பெறும் கட்டடம் ஒன்று உண்டு. அது கண்ணுக்குப் புலனாகாதது; ஆயினும், வங்கி, இருப்பூர்தி நிலையம், மருத்துவமனை, அங்காடி ஆகிய எல்லா இடங்களிலும் நின்று தொழில் புரிவது. அதுவே மென்பொருள். கணிப்பொறி இன்னது செய்க, இன்ன முறையிற் செய்க எனப் பணிக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள் எனப்படும். கணிப்பொறி ஏவலிற் சிறிதும் வழுவாது. ஆனால் ஏவியதன் உட்கருத்தைத் தானாக உணர்ந்து திருத்திக்கொள்ளாது. ஆதலின், மென்பொருளை எழுதத் தொடங்குமுன், அதனைப் பயன்படுத்துவோர்க்கு யாது வேண்டும் என்பதைக் கேட்டறிந்து, எழுதிவைத்து, பிழை களைந்து, பின்னர் வரும் மாற்றங்களையும் முறையாகப் பேணுதல் இன்றியமையாதது. இத்துறைக்குத் தேவைப் பொறியியல் என்று பெயர்.

மென்பொருள் ஆக்கத்தில் மிகக் கடினமான பகுதி எதனை ஆக்குவது என்று தெளிதலே என, அமெரிக்க அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1986ஆம் ஆண்டில் விளக்கினார். அவர்க்கு முன்பே, பாரி போயம் என்பார் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வேறோர் உண்மையைக் காட்டினார். தேவையை எழுதும்பொழுதே கண்டு திருத்தக்கூடிய ஒரு பிழை, பெருந்திட்டம் ஒன்று முடிந்து வழக்கத்திற்கு வந்தபின் காணப்பெறுமாயின், அதனைத் திருத்த ஆகும் செலவு நூறு மடங்குவரை உயரக்கூடும் என்பதே அது. கடைக்கால் தோண்டும்பொழுது ஒரு முழம் தள்ளித் தோண்டுதல் எளிது. மாடி எழுப்பியபின் வீட்டைத் தள்ளிவைத்தல் எளிதோ?

இதனை நன்கு விளங்கிக்கொள்ள, போடிநாயக்கனூரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மலைமேல் விளையும் ஏலக்காய்க்கு அவ்வூர் பெயர்பெற்ற சந்தை ஆகும். முன்னாளில் ஏலம் கூறுவோர் வாய்விட்டு விலை கூற, வணிகர் சூழ்ந்திருந்து விலையை ஏற்றுவர். 1987ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இந்திய நறுமணப் பொருள் வாரியம், 2007ஆம் ஆண்டில் கணிப்பொறி வழியாக ஏலம் நடத்தும் முறையைப் புகுத்திற்று. வணிகர் தத்தம் கணிப்பொறியின்முன் அமர்ந்து விலையைப் பதிவு செய்வர். உயர்ந்த விலை திரையில் தோன்றும்.

அத்தகைய ஏலம் ஒன்றிற்கு நாமே மென்பொருள் எழுதப் புகுவதாக வைத்துக்கொள்வோம். முதற்கண், யார் யாரைக் கேட்டல் வேண்டும்? பெருந்தோட்டத்தார், இரண்டு மூட்டையே கொணரும் சிறு விவசாயி, ஏலம் நடத்துவோர், வாங்கும் வணிகர், கணக்கர், எடை போடுவோர் ஆகிய அனைவரையும் கேட்டல் வேண்டும். அவர் கூறுவன இருவகைப்படும். உயர்ந்த விலையைக் காட்டுதல், எடையைப் பதிதல் போல்வன செயல் பற்றிய தேவைகள். ஒரு வினாடிக்குள் காட்டுதல், பதிந்த விலையைப் பிறர் மாற்ற இயலாதவாறு காத்தல் போல்வன பண்பு பற்றிய தேவைகள். இவற்றையெல்லாம் வாக்கியங்களாக எழுதித் தொகுத்தால் அதுவே தேவைப் பட்டியல்.

இனி, அப்பட்டியலில் ஒரு வாக்கியம் பின்வருமாறு அமைந்ததாகக் கொள்க: “எடையில் ஐயம் எழுந்தால் ஏலத்தை நிறுத்தல் வேண்டும்.”

மாணவர்களே! இவ்வாக்கியத்தின் பொருள் யாது? ஏலம் என்பது ஏலக்காயையும் குறிக்கும். விலை கூறி விற்றலையும் குறிக்கும். நிறுத்தல் என்பது, நிறுத்தல் அளவை என்னுமிடத்து எடைபோடுதலைக் குறிக்கும். ஓட்டத்தை நிறுத்தல் என்னுமிடத்து நிற்கச் செய்தலைக் குறிக்கும். எனவே, ‘காயை மீண்டும் எடை போடுக’ என ஒருவர் பொருள் கொள்வர். ‘விற்பனையை உடனே நிற்கச் செய்க’ என மற்றொருவர் பொருள் கொள்வர். இரண்டும் அவ்விடத்திற்குப் பொருந்துவனவே. முதற்பொருளில் எழுதிய நிரல் தராசின்மேற் கண்வைக்கும். இரண்டாம் பொருளில் எழுதிய நிரல் மன்றம் முழுவதையும் வாளாவிருக்கச் செய்யும். சொல் ஒன்று, விளைவு வேறு.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என நன்னூலார் வகுத்தனர். அவற்றுட் சில தேவைப் பட்டியலுக்கும் அப்படியே பொருந்துவன. மேற்கூறிய வாக்கியம் மயங்க வைத்தல் என்னும் குற்றத்தின்பாற்படும். விலை கூறியவர் பெயர் யாவர்க்கும் தெரிதல் வேண்டும் என ஓரிடத்தும், ஏலம் முடியுந்துணையும் அப்பெயர் மறைந்திருத்தல் வேண்டும் எனப் பிறிதோரிடத்தும் எழுதுதல் மாறுகொளக் கூறலாம். இருவர் ஒரே நொடியில் ஒரே விலையைக் கூறினால் யாது செய்வது என்பதை எழுதாது விடுதல் குன்றக் கூறலாம்.

குன்றக் கூறலால் விளைந்த கேட்டினை உலகம் 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் கண்டது. ஐரோப்பிய நாடுகள் கூடி உருவாக்கிய ஏரியன் 5 என்னும் ஏவூர்தி, தன் முதற் பயணத்தில் ஏறத்தாழ 40 வினாடியில் வானிலே சிதறிற்று. முந்தைய ஏரியன் 4 ஊர்திக்கென எழுதிய மென்பொருளின் ஒரு பகுதி புதிய ஊர்தியிலும் வைக்கப்பெற்றிருந்தது. புதிய ஊர்தி செல்லும் விரைவான பாதையின் விவரம், அக்கருவிக்குரிய தேவைகளில் எழுதப்பெறாது விடப்பட்டிருந்தது. எழுதாதது சோதிக்கப்படவும் இல்லை.

எழுதியும் பயன்படாமற் போனதுண்டு. செவ்வாய்க் கோளை நோக்கி அமெரிக்கர் அனுப்பிய விண்கலம் ஒன்று 1999ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அழிந்தது. உந்துவிசையை மெட்ரிக் அளவையிற் கூறுதல் வேண்டும் எனத் தேவையுள் எழுதப்பெற்றிருந்தது. ஆனால் நிலத்திலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு அளவையிற் கூறிற்று. எழுதிய தேவை ஒவ்வொன்றும் நிரலின் எப்பகுதியில் நிறைவேறியுள்ளது என்று அடிபற்றிச் சென்று காண்பார் இன்மையால் வந்த கேடு இது.

இப்பிழைகளைக் கண்டறிதல் எளிதன்று. பெருந்திட்டங்களில் தேவைகள் ஆயிரக்கணக்கில் அமையும். 1,000 தேவைகளையும் 500 சோதனைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமாயின், ஐந்து இலட்சம் இணைகளைப் பார்த்தல் வேண்டும். மனிதக் கண் சோரும், மனம் அலுக்கும். இவ்விடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு துணைக்கு வருகின்றது. மனிதர் அறிவினாற் செய்யும் சில தொழில்களைக் கணிப்பொறி செய்யுமாறு அமைக்கும் கலையே செயற்கை நுண்ணறிவு ஆகும்.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் இருவர், தேவைகளை வாங்கி ஆராயும் உதவியாளனைப் போன்ற ஒரு நிரலைப் பற்றி 1991ஆம் ஆண்டில் எழுதினர். கூறப்பட்டவை தம்முள் முரண்படுகின்றனவா, விடுபட்டது யாது என அந்நிரல் தருக்க முறையில் ஆராயும். பின்னர், அந்நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் தேவைப் பட்டியல்களில் உள்ள தளர்ந்த சொற்களை எண்ணிக் காட்டும் கருவி ஒன்றை ஆக்கினர். ‘இயன்றவரை’, ‘தக்கவாறு’, ‘போதுமான’ என்பன போன்ற சொற்களே தளர்ந்த சொற்கள். ‘விலையை விரைவாகக் காட்டுக’ என்றால், விரைவு என்பது ஒரு வினாடியா, ஒரு நிமிடமா? இத்தகைய சொல் வருமிடமெல்லாம் கருவி கோடிட்டுக் காட்டும்.

இவை மனிதர் வகுத்துக் கொடுத்த விதிகளின்படி இயங்குவன. இதனினும் வேறானது, எடுத்துக்காட்டுகளைக் கண்டு தானே விதியை உணரும் முறை. அதனை இயந்திரக் கற்றல் என்பர். சிகாகோ நகரத்து டீபால் பல்கலைக்கழகத்தில், மாணவர் திட்டங்கள் பதினைந்திலிருந்து 625 தேவை வாக்கியங்கள் தொகுக்கப்பெற்று, இது செயல் பற்றியது, இது காவல் பற்றியது, இது விரைவு பற்றியது எனப் பெயரிடப்பெற்றன. இவ்வாறு பெயரிட்ட வாக்கியங்களைக் கணிப்பொறிக்குக் காட்டினால், எவ்வெச் சொற்கள் எவ்வகையில் மிகுந்து வருகின்றன என்று அது கணக்கிடும். பின்னர், முன் காணாத புதிய வாக்கியத்தையும் தக்க வகையிற் சேர்க்க முயலும். ஆசிரியர் திருத்திய விடைத்தாள்கள் பலவற்றைப் பார்த்து, நல்ல விடையின் இயல்பை மாணவன் உணர்தல் போன்றது இது. இன்று ஒரு செயலியைப் பற்றி மக்கள் எழுதும் பல்லாயிரம் முறையீடுகளை வகைபிரித்து, அவற்றுள் மறைந்துள்ள புதிய தேவைகளைக் காணவும் இம்முறை பயன்படுகின்றது.

சொற்களை எண்களாக மாற்றி ஒப்பிடும் முறை ஒன்றும் உண்டு. ஒரு சொல் எச்சொற்களோடு கூடி வருகின்றதோ அவற்றைக்கொண்டு அதன் பொருளை அளக்கலாம். இதனால், ‘எடை’ என ஓரிடத்தும் ‘நிறை’ எனப் பிறிதோரிடத்தும் எழுதினும், இரண்டும் ஒன்றையே குறிப்பன என இயந்திரம் உணரும். கூறியது கூறலைக் கண்டறியவும், ஒவ்வொரு தேவைக்கும் உரிய நிரற்பகுதியையும் சோதனையையும் இணைத்துக் காட்டவும் இம்முறை உதவும். செவ்வாய்க் கலத்தின் கதையை நினைந்தால் இதன் அருமை புலப்படும்.

தேவைகளுள் எதனை முதலில் நிறைவேற்றுவது என்பதும் அரியதொரு வினா. பொருளும் காலமும் அளவுடையன. தேவைகள் இருபதே ஆயினும், அவற்றுள் எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது எனத் தெரிந்தெடுக்கும் வழிகள் 10,48,576 ஆகும். இவற்றுட் சிறந்ததைத் தேட, உயிர்கள் தலைமுறை தலைமுறையாகத் திருந்தி வருதலைப் பின்பற்றி அமைந்த தேடல் முறைகளை அறிஞர் கையாளுகின்றனர்.

நம் நாடும் இத்துறையிற் பின்தங்கி நிற்கவில்லை. புனே நகரில் டாட்டா நிறுவனத்தார் 1981ஆம் ஆண்டில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் மென்பொருட் பொறியியல் ஆய்வு நடைபெற்றது. தேவைப் பொறியியலுக்கான 15ஆம் பன்னாட்டு மாநாடு 2007ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் புது தில்லியிற் கூடிற்று. இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய பாஷினி என்னும் திட்டம், இந்திய மொழிகளின் பேச்சை எழுத்தாக்கவும், ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்க்கவும் துணை செய்கின்றது. இத்தகைய கருவிகள் செம்மையுறின், ஆங்கிலம் அறியாத விவசாயியும் தன் தேவையைத் தன் மொழியிலேயே எடுத்துரைக்க வாயில் திறக்கும்.

அண்மைக்காலத்தில் எழுந்தவை பெரிய மொழி மாதிரிகள். 2017ஆம் ஆண்டில் வெளியான புதிய அமைப்பு முறையை அடியொற்றி எழுந்த இவை, அளவிறந்த நூல்களையும் எழுத்துகளையும் பயின்று, ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வருதல் இயல்பு என்று கணித்து, கோவையாக எழுதும் ஆற்றல் பெற்றவை. நெடிய உரையாடலைச் சுருக்கித் தேவைகளாக எழுதுதல், கேட்க மறந்த வினாக்களை நினைவூட்டுதல், ஒரு வணிகரைப் போல விடையிறுத்து ஆய்வாளர்க்குப் பயிற்சி தருதல் ஆகியன இவற்றால் இயலும். ‘இருவர் ஒரே விலை கூறினால் யாது செய்வது?’ என்னும் வினாவை இவை நொடியில் எழுப்பக்கூடும்.

ஆயினும், இவ்விடத்தில் விழிப்பு மிக வேண்டும். ‘ஏலத்தை நிறுத்தல் வேண்டும்’ என்னும் வாக்கியத்தை இத்தகைய இயந்திரத்தினிடம் கொடுத்து, நிரல் எழுதுக என்று மட்டும் பணித்தால், அது தான் மிகுதியும் பயின்ற பொருளை மேற்கொண்டு, ஐயம் சிறிதுமின்றி எழுதி முடித்தல் கூடும். ‘இதற்கு இரு பொருள் உண்டே, உமது கருத்து யாது?’ என்று அது கேட்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஐயுற வேண்டிய இடத்தில் ஐயுறாமை பெருங்குற்றம். மேலும், எவரும் கூறாத ஒன்றைக் கூறியதுபோலவே அழகுற எழுதிவிடுதலும் இவற்றிற்கு உண்டு. நடை அழகாயிருத்தல் உண்மைக்குச் சான்று ஆகாது.

இதனினும் ஆழமான குறை ஒன்று உள்ளது. சிறு விவசாயி ஒருவரை நினைத்துப் பாருங்கள். மலைச்சரிவில் ஓராண்டு பாடுபட்டு, காயை உலர்த்தி, இரண்டு மூட்டையைச் சந்தைக்குக் கொணர்கின்றார். விலை படிந்தவுடன் அவர்க்குக் கைப்பேசியிற் செய்தி செல்லும். விருப்பமில்லையேல் குறித்த நேரத்திற்குள் மறுப்பைத் தெரிவித்தல் வேண்டும் எனப் பட்டியலில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். செய்தியோ ஆங்கிலத்தில் வருகின்றது. அவர் அம்மொழியைப் படிக்க அறியார். அல்லது அவர் நிற்குமிடத்தில் தொலைபேசித் தொடர்பு இல்லை. குறித்த நேரம் கடந்துபோகின்றது. அவர் விரும்பாத விலைக்குச் சரக்கு கைமாறுகின்றது. வாக்கியத்தில் மயக்கம் இல்லை, முரண் இல்லை, தளர்ந்த சொல் இல்லை. இயந்திரம் ஆராய்ந்து, குற்றம் இல்லை என்றே கூறும். ஆனால் ஓர் ஏழையின் ஓராண்டு உழைப்பு அவ்வாக்கியத்தால் அழிந்தது. ஏன்? அவரை ஒருவரும் கேட்கவில்லை.

எழுதியதில் உள்ள பிழையை இயந்திரம் காட்டும். எழுதாதவற்றுட் சிலவற்றையும், பிற பட்டியல்களோடு ஒப்பிட்டு நினைவூட்டும். ஆனால் வாய் திறவாதிருந்தவர் மனத்திலுள்ளதை அறிதல் அதற்கு இயலாது. கம்பம் பள்ளத்தாக்கில் தமிழோடு, கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக உடையோரும் வாழ்கின்றனர். மலைக்கு அப்பால் உள்ளோர் மலையாளம் பேசுவர். ஒரே பொருளுக்கு ஊர்தோறும் வேறு வேறு சொல் வழங்கும். புத்தகத்தமிழைப் பயின்ற இயந்திரம் தோட்டத்துப் பேச்சில் தடுமாறுதல் இயல்பே. அன்றியும், பெரியோர் முன் பேசக் கூசுவோர் உண்டு. கேட்டதற்கெல்லாம் ‘சரிங்க’ என்று கூறி அகல்வோரும் உண்டு. அச்சொல்லின்பின் உள்ள மறுப்பை உணர, எதிரே அமர்ந்து முகம் நோக்கிக் கேட்கும் மனிதர் ஒருவர் வேண்டும்.

ஆகவே, செயற்கை நுண்ணறிவை அஞ்சி விலக்குதலும் ஆகாது. அதன் கையில் அனைத்தையும் ஒப்படைத்தலும் ஆகாது. ஆயிரம் வாக்கியங்களைச் சலியாது ஒப்பிடும் தொழிலை அதற்குத் தருக. அது காட்டும் ஒவ்வோர் ஐயத்தையும் உரியவரிடம் மீண்டும் கொண்டுசென்று கேட்டல் மனிதர் கடன். அது எழுதித் தரும் ஒவ்வொரு தேவையையும், இதனை யார் கூறினர், எப்பொழுது கூறினர் என்று வினவி, கூறினார் ஒருவரும் இல்லையெனின் நீக்குதலும் மனிதர் கடனே. பட்டியலின் அடியிற் கையொப்பம் இடுவதும், விளைவுக்கு விடை கூறுவதும் இயந்திரம் அன்று, மனிதரே.

மாணவர்களே! நாளை உங்களுட் பலர் இத்தொழிலை மேற்கொள்ளக்கூடும். கணக்கும் அறிவியலும் மட்டுமே அதற்குப் போதும் என்று கருதாதீர்கள். ஒரு வாக்கியத்தைப் படித்தவுடன், இதற்கு வேறு பொருள் உண்டோ என்று எண்ணும் பழக்கம் மொழிப்பாடத்தில் கைவருவது. பிழையற எழுதுதலும், ஐயமறக் கேட்டலும், பிறர் கூறுவதைப் பொறுமையுடன் செவிமடுத்தலும் நீங்கள் இப்பொழுதே பழகத்தக்கன. மலைமேல் அணை கட்டியவர்கள், கீழே வறண்டு கிடந்த நிலத்தை முதலில் நினைந்தனர். கண்ணுக்குப் புலனாகாத கட்டடங்களை எழுப்பப்போகும் நீங்களும், அவற்றின் பயனை நோக்கி நிற்கும் கடைசி மனிதரை முதலில் நினைத்து, அவரிடம் சென்று கேட்டபின் கட்டத் தொடங்குவீர்களாக.